சாய்ஸில் விட்டது

வினாத்தாள் கைக்கு வந்ததும் எல்லாரும் மேலிருந்து கீழே படிப்பார்கள். கயற்கண்ணி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். பதினாறாவது கேள்வி. அதன் தலையில் கட்டாயம் எழுதியாக வேண்டும் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே அவள் எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது: ஒரு திண்மக் கோளம், விட்டத்தை அச்சாகக் கொண்டு அதன் நிலைமத் திருப்புத்திறனைத் தொகையிட்டுக் கண்டுபிடி, பிறகு அதே கோளம் சரிவில் வழுக்காமல் உருண்டு இறங்கினால் அதன் முடுக்கம் என்ன என்று சொல். நாலாவது யூனிட், அச்சு அசலாக நாலாவது யூனிட். முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வயிற்றுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம் வந்தது, படித்தது வந்துவிட்டது, தப்பாமல் வந்துவிட்டது என்று. அது இறங்குவதற்குள்ளேயே கண் தன் பாட்டுக்கு அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. அங்கே ஒரு பெஞ்சு முன்னால் தள்ளி ஜெசிந்தாவின் முதுகு தெரிந்தது. மஞ்சள் காமாலை வந்து போனதில் பாதியாகிவிட்ட சடை, காலர் எலும்பில் தொங்குவது போல நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும் துப்பட்டா. ஜெசி ஒழுங்கான பிள்ளை, மேலிருந்துதான் படிப்பாள், முதல் பக்கத்தில்தான் இன்னும் இருக்கிறாள், தலை லேசாக ஆடுகிறது, தெரிந்த கேள்வி வந்தால் அப்படித்தான் ஆட்டுவாள். இப்போது திருப்புவாள். திருப்பாதே, இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே இரு என்று கயல் யாரிடமோ கேட்டுக்கொண்டாள், அந்த யாரோ காது கொடுக்கவில்லை. ஜெசி தாளைத் திருப்பினாள். தலை ஆடியது, ஆடியது, நின்றது. அதற்கப்புறம் ஆடவே இல்லை. திரும்பிப் பார்ப்பாளோ என்று கயல் சட்டென்று குனிந்து பதிவெண்ணைக் கட்டம் கட்டமாக எழுத ஆரம்பித்தாள், எழுதி முடித்தபிறகுதான் அதை ஏற்கெனவே ஒரு தடவை எழுதியாயிற்று என்பது தெரிந்தது.

சரி, இதில் என்ன இருக்கிறது, எல்லாரும் சொல்வதுதானே. இரண்டு வெக்டர்களின் ஸ்கேலார் பெருக்கல் எப்போது பூச்சியமாகும் என்று முதல் கேள்வி. செங்குத்தாக இருக்கும்போது. எழுதினாள். பரிட்சை என்று ஒன்று வந்தால் ஊர் உலகத்தில் எந்தப் பிள்ளை உண்மை பேசியிருக்கிறது? வாசலில் நிற்கிற ஒவ்வொருத்தியும் ஒண்ணுமே படிக்கலடி, பயமா இருக்குடி என்பாள், மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்து சுமாராத்தான்டி எழுதினேன் என்பாள், ரிசல்ட் வந்தால் அவள்தான் முதல். இது பொய்யில் சேர்த்தி இல்லை. வணக்கம் சொல்கிற மாதிரி, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி. சாப்பிட்டாச்சா என்று கேட்டவன் சோறு போடவா போகிறான்? கேட்பவளும் அதைப் பாதியாக வெட்டித்தான் எடுத்துக்கொள்வாள், நீ எவ்வளவு படிச்சிருப்பேன்னு எனக்குத் தெரியாதா என்று ஒரு இடி இடிப்பாள், அதோடு முடிந்தது. அப்படிப் பாதியாக வெட்டத் தெரியாமல் முழுசாக விழுங்கினால் அது விழுங்கினவளுடைய தவறுதான். இரண்டாவது கேள்வி, திசைவேகம்-நேரம் வரைபடத்தில் பரப்பு எதைக் குறிக்கும்? இடப்பெயர்ச்சியை. ஆனால் ஜெசியிடம் சொன்னது பரிட்சை வாசலில் இல்லையே. வாசலில் சொன்னால் அது வாசல் பேச்சு. கயல் சொன்னது முந்தாநாள் காலையில் விடுதிக்குப் பின்னால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், இரண்டு பேரும் வாளியை நடுவில் வைத்துக்கொண்டு பாவாடையை முறுக்கிப் பிழிந்தபோது. அங்கே யாரும் வணக்கம் சொல்லிக்கொள்வதில்லை. இரண்டாவது கேள்வியின் பதிலில் இடப்பெயர்ச்சி என்பதற்குப் பதிலாக இடம் என்று மட்டும் எழுதியிருந்தாள். அடித்துத் திருத்தினாள்.

ஜெசி ஒரு முனையையும் கயல் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக முறுக்கினார்கள். மருந்து வாசனை இன்னும் அவள் மேல் போகவில்லை, கீழாநெல்லியை அரைத்து அரைத்துக் கொடுத்து அவள் அம்மா அந்த வாசனையை உடம்புக்குள்ளேயே ஏற்றி அனுப்பியிருந்தாள். ஒரு மாதம் தூத்துக்குடிப் பக்கம் தன் ஊரில் படுத்துக் கிடந்துவிட்டு, தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் திரும்பி வந்தாள். இரண்டு உள்தேர்வும் போச்சு. "ஏட்டி கயலு, வெளையாட்டுக்கு இல்ல, உண்மையா சொல்லணும் கேட்டியா" என்றாள் ஜெசி. "எனக்கு நேரம் பத்தாது. அஞ்சு யூனிட்டையும் பாக்க முடியாது. ஒண்ண விட்டாத்தான் மத்தது உருப்படும். எத விட?" தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் முகத்தைப் பார்த்து, எத விட என்று கேட்டாள். அதற்குக் கயல் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்? நேரமே எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் இப்போது நெஞ்சைக் குடைகிறது. யோசித்துச் சொல்லியிருந்தால் வேறு யாரோ சொன்ன மாதிரி ஒதுக்கிவிடலாம். "நாலாவதை விட்டுடு. நானே சாய்ஸ்ல விட்டுட்டேன்டி" என்றாள். "போன வருசம் கேட்டுட்டாங்க. இந்தத் தடவை வராது." ஜெசிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நீயே விட்டுட்டியா? அப்ப எனக்கென்ன கவல" என்று சொல்லி, பாவாடையை ஒரே உதறாக உதறிக் கொடியில் போட்டாள். சாய்ஸ். இங்கிலீஷ்காரன் எந்த அர்த்தத்தில் கண்டுபிடித்தானோ தெரியாது, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதன் ஒரே அர்த்தம் கைகழுவி விடுவது. பிடிக்காத பாடத்தைச் சாய்ஸில் விடலாம். வராத கணக்கைச் சாய்ஸில் விடலாம். யாரை விடலாம் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் போட்டிருக்கவில்லை. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக் என்றது. கயல் ஏழாவது கேள்வியில் இருந்தாள், நடுவில் மூன்றாவதும் நாலாவதும் எப்போது எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பொறாமை என்று சொல்லிவிட்டால் சுலபம், அது சின்ன வார்த்தை, எல்லாருக்கும் உள்ளது. ஆனால் எங்கே முளைத்தது என்றும் அவளுக்குத் தெரியும். இந்தப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு எல்லாருக்கும் பொது, எல்லாரும் இந்த இயற்பியல் தாளை எழுதியே ஆகவேண்டும், நுண்கணிதம் போட்டு நடத்துகிற தாள் என்பதால் பாதிப்பேருக்கு இதன் பெயரைக் கேட்டாலே காய்ச்சல். இரண்டாம் ஆண்டில் பிரிப்பார்கள். இயற்பியலுக்கு இடம் கொஞ்சம்தான், இந்தத் தாளில் முதல் தடவையே தேறினவர்களை வைத்து அதை நிரப்பிவிடுவார்கள், தவறினவர்களுக்கு மிச்சம் கிடப்பது எதுவோ அது. மேலூரிலிருந்து வந்த கயலுக்கும் இயற்பியல்தான் வேண்டும், ஜெசிக்கும் அதுதான் வேண்டும். இரண்டு பேரும் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், அதனால்தான் முதல் நாளே ஒட்டிக்கொண்டார்கள். கிருபாகரன் சார் இங்கிலீஷில் ஏதாவது சொல்லி முடித்ததும் ஒருத்தியை ஒருத்தி பார்ப்பார்கள், ஓ நிலைமமா, ஓ உந்தமா என்று பள்ளிக்கூடத்துப் பெயர் ஞாபகம் வந்ததும் சொந்தக்காரரை ரயில்வே நிலையத்தில் பார்த்த மாதிரி சிரிப்பார்கள். அன்றைக்குச் சார் கேட்டார், காலி டிரம்மும் தண்ணீர் நிறைந்த டிரம்மும் ஒரே சரிவில் உருண்டால் எது முதலில் கீழே வரும்? வகுப்பே சூத்திரத்தைத் தேடியது. கயலும் தேடினாள், உள்ளீடற்ற உருளை, திண்ம உருளை, இரண்டுக்கும் சூத்திரம் அவளிடம் இருந்தது, தண்ணீருக்கு இல்லை. ஜெசி எழுந்து தமிழிலேயே, "தண்ணி டிரம்தான் சார் வரும். டிரம்முதான் சுத்தும், உள்ள உள்ள தண்ணி சுத்தாது, சும்மா கூட வரும். சுத்துறதுக்குச் செலவு கம்மி" என்றாள். சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். இதாம்மா பிசிக்ஸ், இதுதான் பிசிக்ஸ் என்று இரண்டு தடவை சொன்னார். கயலிடமும் அவர் ஒரு தடவை நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார், ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா என்றார். கையெழுத்து! அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. அந்தச் சூட்டிலேதான் துவைக்கிற கல்லில் வாய் திறந்தது.

அதே ஜெசிதான் இவளுக்குத் தொகையிடலைச் சொல்லிக்கொடுத்தவள் என்பது வேறு கதை. வேறு கதை இல்லை, இதே கதைதான், அதை எங்கே தள்ளி வைத்தாலும் உருண்டு காலடிக்கே வருகிறது. முதல் மாதத்தில் அந்த நீண்ட எஸ்ஸைப் பார்த்து, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் டிஎக்ஸைப் பார்த்து, கயல் மெஸ்ஸில் சோற்றை வைத்துக்கொண்டு அழுதாள். மனப்பாடம் ஆகிறது, மண்டையில் ஏறவில்லை. ஜெசி சிரித்தாள். "சீலா மீன எப்பிடி அரிவாவ, பாத்திருக்கியா? மேலூர்க்காரி எங்க பாக்க. வால்ல இருந்து தல வரைக்கும் ஒரே மாதிரியா இருக்கும் மீனு? இருக்காது. முழுசா அதோட கன அளவக் கணக்குப் போட முடியாது. அப்ப என்ன செய்ய, துண்டு துண்டா அரி. ஒரு துண்டு வட்டமாத்தான் இருக்கும், அதக் கணக்குப் போட்டுரலாம். பெறவு எல்லாத் துண்டையும் கூட்டு. அந்தத் துண்டோட தடிமன்தான்ட்டி டிஎக்ஸ். அவ்வளவுதான், இதுக்குப் போயி அழுதுக்கிட்டு." அன்றிலிருந்து கயலுக்கு எந்தத் தொகையீட்டைப் பார்த்தாலும் மீன் துண்டுதான். ஜெசி ஊரில் இருந்த ஒரு மாதமும் நாலாவது யூனிட்டை அவள் படித்ததெல்லாம் அந்த மீனை வைத்துத்தான். பி பகுதி முடிந்துவிட்டது. உந்தம் அழிவின்மை நன்றாக வந்திருக்கிறது, தனி ஊசல் நன்றாக வந்திருக்கிறது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஜெசியும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள், முழங்கை அசைகிறது, மற்ற நாலு யூனிட்டையும் ஒழுங்காகப் படித்திருக்கிறாள் பாவம். ஆனால் உள்மதிப்பெண் என்று சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை, கட்டாயக் கேள்வியைத் தொடாமல் அவள் கரையேற முடியாது, அது கயலுக்கும் தெரியும், இந்நேரம் அவளுக்கும் தெரிந்திருக்கும். பாவம் என்று சொல்ல இவளுக்கு என்ன யோக்கியதை? பாவம் என்றால் இரண்டு அர்த்தம், ஒன்று அவளுக்குப் பொருந்தும், இன்னொன்று இவளுக்கு.

பதினாறுக்கு வந்தாயிற்று. எண்ணை மட்டும் எழுதினாள். பேனாவை எடுத்துவிட்டாள். ஒரு வழி இருக்கிறது, ஏன் இல்லை, இதை எழுதாமல் விட்டுவிடலாம். விட்டுவிட்டால் சொன்னது உண்மையாகிவிடும். நானே சாய்ஸ்ல விட்டுட்டேன்டி என்றாளே, விட்டதாகவே இருக்கட்டுமே, முந்தாநாள் பொய்யாக இருந்தது இன்றைக்கு மெய்யாகிவிடும், இரண்டு பேரும் சேர்ந்தே தவறலாம், சேர்ந்தே மிச்சம் கிடக்கிற பாடத்தில் போய் உட்காரலாம், நீயும் விட்டுட்டியாட்டி என்று ஜெசி தோளில் கை போடுவாள். நினைக்கவே இதமாக இருந்தது. இதமாக இருக்கும்போதே அது நடக்காது என்பதும் தெரிந்தது. தவிர, அப்படி விட்டாலும் சரிப்படாது. இந்த இடத்தில் மனசு ஒவ்வொரு தடவையும் திரும்பி ஓடிவிடும், காலையிலிருந்து எத்தனை சுற்று சுற்றியும் இங்கே மட்டும் வராமல் பார்த்துக்கொண்டது, இனி ஓட இடம் இல்லை. எழுதாமல் விட்டால் சொன்ன பொய் ஒருவேளை சரியாகலாம். சொல்லாமல் விட்டது? ஜெசி ஊரில் படுத்திருந்தபோது, பாடம் நடந்த கடைசி வாரத்தில், சார் வகுப்பில் சொன்னார், இந்த வருசம் வினாத்தாள் முறை மாறுகிறது, நாலாவது யூனிட்டிலிருந்து கட்டாயக் கேள்வி வரும், யாரும் விட்டுவிடாதீர்கள் என்று. சொல்லிவிட்டு நேராகக் கயலைப் பார்த்தார். "ஜெசிந்தா வரலல்ல? நீ சொல்லிடும்மா. அந்தப் பொண்ணு தவறிடக் கூடாது" என்றார். கயல் எழுந்து நின்று, சரி சார் என்றாள். வகுப்பு முழுக்கக் கேட்டது, அதனால்தான் ஜெசி வந்தபிறகு யாரும் அவளிடம் சொல்லவில்லை, கயல் சொல்லியிருப்பாள், கயல் சொல்லாமல் இருப்பாளா, இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடுகிற ஜென்மங்கள். ஆக வெறும் பரிட்சைப் பொய் இல்லை இது. கொடுத்தனுப்பிய சேதியை முழுங்கிவிட்டு, கேட்டபோது அதற்கு நேர்மாறாகச் சொன்னது. இதற்கு என்ன பெயர் வைப்பது? துரோகம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அது பெரிய மனிதர்களும் கல்யாணமானவர்களும் பண்ணுவது என்று நினைத்திருந்தாள். பத்தொன்பது வயசில் பாவாடை பிழிந்துகொண்டே பண்ணலாம் போல.

இவ்வளவும் ஓடிக்கொண்டிருக்கும்போதே கை எழுத ஆரம்பித்துவிட்டது. அதுதான் வெட்கக்கேடு. மனசு ஒரு பக்கம் மாரில் அடித்துக்கொண்டு அழுதது, கை மறுபக்கம் கோளத்தை மெல்லிய வட்டத் தட்டுகளாக வெட்டுக என்று எழுதியது. மையத்திலிருந்து எக்ஸ் தூரத்தில் டிஎக்ஸ் தடிமனில் ஒரு தட்டு. அரி, அரி, ஒரு துண்டு வட்டமாத்தான் இருக்கும். தட்டின் நிறை இவ்வளவு, அதன் திருப்புத்திறன் இவ்வளவு, மைனஸ் ஆரிலிருந்து ஆர் வரைக்கும் தொகையிட. பெறவு எல்லாத் துண்டையும் கூட்டு. சொல்லிக்கொடுப்பவள் முன் பெஞ்சில் இருக்கிறாள், எழுதுகிறவள் பின் பெஞ்சில் இருக்கிறாள், நடுவில் சிமெண்டுத் தரை. படம் போடவேண்டும், படத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. பென்சிலை எடுத்து, காம்பஸை எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். காம்பஸ் இல்லை. இருக்காது. காலையில் அவள்தான் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து அறை அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். கோளம், உருளை, வளையம் என்று வட்டம் வட்டமாகப் படம் வருவது நாலாவது யூனிட்டில் மட்டும்தான், அதைச் சாய்ஸில் விட்டவளுக்குக் காம்பஸ் எதற்கு என்று ஜெசி கேட்டுவிட்டால்? அவ்வளவு முன்யோசனை! வக்கீலுக்குப் படிக்கலாம். கையால் ஒரு வட்டம் போட்டாள், கத்தரிக்காய் மாதிரி வந்தது. அழித்தாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி அதைச் சுற்றி வரைந்தாள், மூடி வழுக்கிக் கோடு இரண்டாகப் பிரிந்தது. மறுபடி அழித்தாள், தாள் கசங்கிக் கறுத்தது. "என்னம்மா நீ, மூடிய வச்சு வட்டம் போட்டுக்கிட்டு" என்று பக்கத்தில் குரல். கண்காணிப்புக்கு வந்திருந்த வேதியியல் மேடம், வெள்ளைச் சேலை, மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை. "பிசிக்ஸ் எக்ஸாமுக்குக் காம்பஸ் இல்லாமயா வருவாங்க?" பரவால்ல மேடம் என்றாள் கயல். பரவாயில்லை, வேண்டாம், நான் சமாளிச்சுக்கிறேன். "இரு இரு" என்று மேடம் சுற்றுமுற்றும் பார்த்தார். கயலுக்கு என்ன நடக்கப்போகிறது என்று அவர் திரும்புவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. உதவி செய்கிற மனுஷி, நல்ல மனுஷி, நேராக ஜெசியின் பெஞ்சுக்குத்தான் போனார். அங்கேதான் மேசைமேல் ஒரு காம்பஸ் சும்மா கிடந்தது. "நீ யூஸ் பண்ணலல்லம்மா? அந்தப் பொண்ணு வட்டம் போடணுமாம். குடுத்துட்டு வாங்கித் தர்றேன்."

ஜெசி திரும்பிப் பார்த்தாள். நிறைய நேரம் பார்க்கவில்லை. கயலைப் பார்த்தாள், கயலின் தாளில் கறுத்துக் கிடந்த இடத்தைப் பார்த்தாள், அப்புறம் காம்பஸை எடுத்து, மாட்டியிருந்த பென்சில் ஆடுகிறதா என்று விரலால் ஒரு தடவை அசைத்து, திருகைக் கொஞ்சம் இறுக்கி, மேடத்திடம் கொடுத்தாள். பென்சில் புதிதாகச் சீவியிருந்தது. கயல் ஊசியைத் தாளில் ஊன்றினாள். ஒரே சுற்றில் முழு வட்டம் வந்தது, ஆரம்பித்த இடத்திலேயே போய் மூடியது, அவள் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான வட்டம் போட்டதில்லை. குறுக்கே தட்டை வரைந்தாள், அச்சு வரைந்தாள், தொகையிட்டாள், ஐந்தில் இரண்டு பங்கு வந்தது, சரிவில் உருட்டிவிட்டாள், ஏழில் ஐந்து பங்கு வந்தது, எல்லாம் வந்தது. விடையைச் சுற்றிக் கட்டம் போடும்போது கண்ணில் தண்ணீர் முட்டியது, அது கட்டத்தின்மேல் விழுந்து மை கலைந்துவிடுமோ என்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்போதும் விடையைத்தான் காப்பாற்றினாள். முன்னால் ஜெசி எழுந்தாள். இன்னும் அரை மணி நேரம் இருந்தது. தாளைக் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வெளியே போனாள். காம்பஸ் கயலின் மேசையிலேயே இருந்தது. வாங்கித் தருகிறேன் என்ற மேடம் அதைச் சுத்தமாக மறந்துவிட்டு ஜன்னல் ஓரத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

போயிருப்பாள், விடுதிக்கே போயிருப்பாள், போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் கயல் மணி அடித்தபின் படியிறங்கினாள். போகவில்லை. சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில், தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில், கிளிப்பு அட்டையால் விசிறிக்கொண்டு நின்றாள். மற்றப் பிள்ளைகள் கும்பல் கும்பலாக, சுமாராத்தான்டி, ஊத்திக்கிச்சுடி என்று கத்திக்கொண்டு போனார்கள். ஓடிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கால் அங்கேதான் போனது.

"வட்டம் நல்லா வந்துச்சாட்டி?" என்றாள் ஜெசி.

குத்தலாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். கயலுக்குச் சுமாரா வந்துச்சு என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது, பழக்கதோஷம்.

"நல்லா வந்துச்சு" என்றாள். "ஜெசி, நான் நாலாவது யூனிட் படிச்சிருந்தேன்டி. கேள்வி வரும்னு சார் சொன்னாரு. உன்கிட்டச் சொல்லச் சொன்னாரு. நான்தான்..."

"காலையிலயே தெரிஞ்சுட்டு."

"காலையிலயா?"

"வாசல்ல பேனா எடுக்கப் பெட்டியத் தெறந்தல்ல. காம்பஸ் வைக்கிற எடம் காலியா இருந்துச்சு. தமிழ்ப் பரிச்சைக்கே காம்பஸோட போறவ நீ. பிசிக்ஸுக்குப் போயி எடுத்து வச்சிட்டு வருவியா? என்னமோ மறைக்கான்னு அப்பமே வெளங்கிட்டு. உள்ள போயி பதினாற பாத்ததும் மிச்சமும் வெளங்கிட்டு."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல. திட்டியாவது இருக்கலாம்ல" என்றாள் கயல். கேட்கும்போதே, இதற்கும் அவளையே குற்றம் சொல்வது போல ஆகிவிட்டதே என்று கூசியது.

"கேட்டிருந்தா இன்னொரு பொய் சொல்லியிருப்ப" என்றாள் ஜெசி. விசிறுவதை நிறுத்திவிட்டாள். "நான் அதயும் நம்பியிருப்பேன். நீ சொன்னா நம்பிருவேன், எனக்கு அப்பிடி ஒரு கிறுக்கு. அதான் கேக்கல."

கயலுக்கும் அது தெரியும். சொல்லியிருப்பாள். ஜெசி துப்பட்டாவை இழுத்துத் தோளில் போட்டாள், அது நழுவியது. "பதினாறுக்குச் சும்மா வைக்கலட்டி. கணக்குத் தெரியல. எது முதல்ல உருண்டு வரும், ஏன் வரும்னு டிரம் கதைய எழுதி வச்சிருக்கேன். ஒண்ணு ரெண்டு போட்டாப் போடட்டும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஸ் இருக்கிற பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். எப்போதும் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிற வழி. கயல் அங்கேயே நின்றாள், அப்புறம் கையில் இருப்பது ஞாபகம் வந்து பின்னாலேயே ஓடினாள். "ஜெசி, உன் காம்பஸ்."

ஜெசி நின்றாள். ஆனால் கை நீட்டவில்லை.

"நீயே வச்சுக்க" என்றாள். "பிசிக்ஸ் எடுக்கப்போறவளுக்குத்தானே வேணும்."

அவள் போய்விட்டாள். மெஸ்ஸில் சாப்பாட்டு மணி அடித்தது. கயற்கண்ணி காம்பஸைப் பெட்டியில் வைக்கத் திறந்தாள், அதற்கென்று காலையில் காலி செய்த இடம் அப்படியே இருந்தது, அதில் அது சரியாகப் பொருந்தியது.